சித்தூர், திருப்பதியில் மரபான ஆராதனை தேடுவோருக்கு

திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்திலோ மெஞ்ஞானபுரத்திலோ வளர்ந்து, வேலை மாற்றலில் திருப்பதிக்கும் சித்தூருக்கும் வந்து சேரும் குடும்பங்கள் உண்டு. வீடு, பள்ளிக்கூடம், காஸ் இணைப்பு எல்லாம் ஒரு மாதத்தில் அமைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்பது மட்டும் அமையாது. சபையாக முழங்காற்படியிட்டுப் பாவ அறிக்கை சொல்லி, விசுவாசப்பிரமாணத்துக்கு எழுந்து நின்று, லெந்து வந்தால் லெந்து என்று தெரிகிற ஆராதனை வேண்டும். ஆங்கிலிக்கன் மரபில் அப்படிப்பட்ட ஆலயத்தை இந்தப் பக்கம் எப்படித் தேடுவது என்பதைச் சொல்கிறேன்.

தேடுவதற்கு முன் குடும்பமாக உட்கார்ந்து, எது இல்லாவிட்டால் மனம் ஒட்டாது என்று பேசி முடிவு செய்யுங்கள். ஆங்கிலிக்கன் வழக்கம் என்பது திருநெல்வேலியிலேயே ஒரே மாதிரி இல்லை. எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷனின் வழிவந்த நாசரேத்துக்காரருக்குப் பீடமும் மெழுகுவர்த்தியும் திருவிருந்தும் முக்கியம். சி.எம்.எஸ். என்ற இன்னொரு ஆங்கிலிக்கன் மிஷனின் வழிவந்த மெஞ்ஞானபுரத்தாருக்கு எளிமையும் நல்ல பிரசங்கமும் போதும். 1662-ஆம் ஆண்டு ஜெப புஸ்தகத்தின் சொற்களேதான் வேண்டுமா, அதன் ஒழுங்கு இருந்தால் சரியா? பிள்ளைகளுக்குத் தமிழ் ஆராதனைதான் புரியுமா, தெலுங்கு பரவாயில்லையா? இதற்கெல்லாம் பதில் தெரியாமல் கிளம்பினால் எந்த ஆலயத்திலும் குறைதான் தெரியும்.

அடுத்து, சி.எஸ்.ஐ. என்ற பலகையை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள். அந்தச் சபையின் வேர் எது என்று கேளுங்கள். இந்த வட்டாரத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், பிரெஸ்பிட்டேரியர், காங்கிரிகேஷனல் சபையார் என்று பல வழிகள் ஒன்றாயின. பெயர் ஒன்றானது, பழக்கம் அந்தந்த ஊரில் அப்படியே தங்கியது. சித்தூர், பலமநேர், மதனப்பள்ளி பக்கம் வேலை செய்தது அமெரிக்க ஆற்காடு மிஷன். ஸ்கடர் சகோதரர்கள் 1853-இல் தொடங்கியது அது. சீர்திருத்தச் சபை மரபைச் சேர்ந்தது. அதன் வழிவந்த சபைகளில் பிரசங்கமே நடுநாயகம். திருவிருந்து மாதம் ஒருமுறை என்பதும், தனித்தனிச் சிறு கிண்ணங்களில் ரசம் தருவதும் அங்கே சகஜம். இதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் நாசரேத்தை எதிர்பார்த்துப் போகிறவருக்கு ஏமாற்றமாக இருக்கும்.

ஆந்திராவில் ஆங்கிலிக்கன் வேர் ஆழமாகப் போன இடம் நந்தியால். அங்கே எஸ்.பி.ஜி. சபையாரில் பெரும்பகுதியினர் 1947-இல் இணைப்பை ஏற்காமல், பழைய ஆங்கிலிக்கன் திருச்சபையிலேயே நின்றார்கள். 1975-இல்தான் நந்தியால் பேராயம் சி.எஸ்.ஐ.க்குள் வந்தது. அதே பேராயத்தில்தான் 2013-இல் சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயராக புஷ்ப லலிதா அபிஷேகம் பெற்றார். மரபென்றால் மாறாதது என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். திருப்பதியிலிருந்து வாராவாரம் நந்தியாலுக்குப் போய்வர முடியாது என்பது உண்மை. ஆனால் உள்ளூர் ஆயர் நந்தியால் பக்கத்திலிருந்து வந்தவரா என்று விசாரிப்பது பயன்படும்.

எந்தப் பேராயத்தின் கீழ் சபை இருக்கிறது என்பதையும் கேட்டு வையுங்கள். மாநில எல்லையை வைத்து ஊகிக்காதீர்கள்.

ஆலயத்தைப் பார்க்கப் போவது திருவிருந்து உள்ள ஞாயிறாக இருக்கட்டும். ஆராதனைக்கு முன்னாலேயே போய்ப் பின் வரிசையில் உட்காருங்கள். கையில் புத்தகம் தருகிறார்களா, முறைமை சுவரில் திரையிடப்படுகிறதா? பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம் மூன்றும் வாசிக்கப்படுகின்றனவா, பிரசங்க வசனம் மட்டுமா? சபையார் பீடக் கிராதியருகே வந்து முழங்காற்படியிடுகிறார்களா, இருந்த இடத்துக்கே அப்பம் வருகிறதா? சமாதானம் கைக்குக் கை கடத்தப்படுகிறதா? (1950-இல் வெளிவந்த சி.எஸ்.ஐ. திருவிருந்து முறைமையில் இடம்பெற்ற இந்த வழக்கத்தைப் பிறகு உலகத்தின் பல திருச்சபைகளும் எடுத்துக்கொண்டன.) பீடத்துணியின் நிறம் காலத்துக்கேற்ப மாறுகிறதா? கிராதிக்கு முன்னால் கிடக்கும் முழங்கால் மெத்தை நடுவில் தேய்ந்து பள்ளமாகியிருந்தால், அந்தச் சபைக்கு முழங்காற்படியிடும் பழக்கம் உண்டு என்று நம்பலாம்.

ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு கட்ட வேண்டாம். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் எப்படி ஆசரிக்கப்படுகின்றன என்று பார்த்தால் சபையின் மனது தெரியும். பிறகு ஆயரைச் சந்தியுங்கள். தெலுங்குச் சபையில் ‘அய்யகாரு’ என்பார்கள். "ஐயா, எங்களுக்கு ஜெப புஸ்தக ஒழுங்கு பழக்கம். மாதத்தில் ஒரு காலை ஆராதனையாவது அப்படி நடத்த முடியுமா?" என்று பணிவாகக் கேளுங்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் மறுக்கும் ஆயர்கள் குறைவு.

திருப்பதியில் லுத்தரன் சபையை விட்டுவிடாதீர்கள். ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் 1860-களில் இந்தத் தெலுங்குப் பகுதிக்கு வந்தது. அதன் வழிவந்த தென் ஆந்திர லுத்தரன் சபையின் தலைமையிடம் திருப்பதியே. குழந்தை ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருச்சபை ஆண்டு, எழுதப்பட்ட ஆராதனை முறைமை இவையெல்லாம் லுத்தரன் மரபிலும் உண்டு. வட ஐரோப்பாவில் லுத்தரன், ஆங்கிலிக்கன் சபைகள் பல 1996-இல் போர்வூ உடன்படிக்கையில் கையெழுத்திட்டு ஒரே பந்தியில் அமர்ந்துவிட்டன. நாம் தயங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. தெலுங்கு தடையாகத் தோன்றினால் ‘ஆந்திர கிரைஸ்தவ கீர்த்தனலு’ பாட்டுப் புத்தகத்தை வாங்கிப் பாட்டிலிருந்து தொடங்குங்கள்.

சித்தூரில் இருப்பவர்களுக்கு வேலூர் பக்கம். கோட்டைக்குள் 1846-இல் கட்டிய புனித ஜான் ஆலயம் இருக்கிறது. காட்பாடி ரயிலோ பேருந்தோ பிடித்தால் காலை ஆராதனைக்குப் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். நேரத்தையும் மொழியையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பண்டிகைக்குச் சென்னை வரை போகலாம். ஆனாலும் நோயில் வந்து ஜெபிக்கவும் சாவில் வந்து நிற்கவும் உள்ளூரில் ஒரு சபை வேண்டும்.

ஆங்கிலிக்கன் என்ற பெயரைத் தாங்கிய சிறு குழுக்களும் கண்ணில் படலாம். 1947-இல் தெற்கிலும் 1970-இல் வடக்கிலும் நடந்த திருச்சபை இணைப்புகளை ஏற்காமல் நின்றவர்களின் வழி என்று சிலர் சொல்வார்கள். பேராயருக்கு அபிஷேகம் செய்தது யார், கணக்கு யாரிடம் இருக்கிறது, இங்கே பெறும் ஞானஸ்நானச் சான்றை ஊரில் ஏற்பார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். தெளிவான பதில் வராத இடத்தில் உறுப்பினராகச் சேர வேண்டாம்.

முடிவு செய்ததும் தாய்ச்சபையிலிருந்து மாற்றுக் கடிதம், ஞானஸ்நான, திடப்படுத்தல் சான்றுகள் மூன்றையும் வாங்கி ஆயரிடம் கொடுங்கள். சந்தாவை அந்த மாதமே தொடங்கி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளையின் கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதும், கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைப்பதும், சேகரக் கமிட்டிக்கு வாக்களிப்பதும் பெரும்பாலும் இந்தப் பதிவேட்டை வைத்தே நடக்கும். வருடக்கணக்கில் விருந்தாளியாகவே பின் வரிசையில் உட்கார்ந்திருக்காதீர்கள், பெயரைப் பதிந்துவிடுங்கள்.