மடிக்கணினிக்கும் மூச்சு விட வழி வேண்டும்



நகையை அடகு வைத்தும் சீட்டுக் காசு சேர்த்தும் பிள்ளையின் படிப்புக்கு மடிக்கணினி வாங்கிய வீடுகள் இன்று நம் லயங்களில் இருக்கின்றன. நாங்கள் வீடு வீடாகப் போகும்போது ஒன்றைப் பார்க்கிறோம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அந்தக் கம்பளி மேலேயே கணினியை வைத்திருக்கிறது. "இந்தக் குளிருல அது எங்க சூடாகப் போகுது?" என்று பெரியவர்களும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் சூடு உள்ளேதான் பிறக்கிறது.

கணினிக்குள் புரொசசர் என்ற சிறிய சில்லு இருக்கிறது. கணக்கு வேலையெல்லாம் அதனுடையது. அது எடுக்கும் மின்சாரம் சூடாக மாறுகிறது. சூடு 100 பாகையை நெருங்கினால், சில்லு தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கும். இன்னும் ஏறினால் கணினி தானாகவே நின்றுவிடும். சேமிக்காத பாடம் போனது போனதுதான்.

சூடு எப்படி வெளியே போகிறது? சில்லோடு ஒரு தட்டையான செப்புக் குழாய் ஒட்டியிருக்கும். உள்ளே காற்றை எடுத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு அடைத்திருப்பார்கள். காற்று இல்லாததால் அந்தத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். ஆவி மறு முனைக்கு ஓடி, அங்குள்ள மெல்லிய தகடுகளுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி தண்ணீராகும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, குழாயின் உட்புறம் அதைச் சில்லுப் பக்கம் திரும்ப இழுத்துக்கொள்ளும். தகடுகளில் சேர்ந்த சூட்டை ஒரு சிறு விசிறி வெளியே தள்ளும். அதற்கு வேண்டிய காற்று பெரும்பாலும் கணினியின் அடிப்பக்கத் துளைகளால்தான் வருகிறது.

பெக்டரியில் கொழுந்து வாட்டும்போது அடியிலிருந்து காற்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். காற்று வழி அடைபட்டால் கொழுந்து வாடுமா? கம்பளியும் அப்படித்தான் கணினியின் வழியை அடைத்துவிடுகிறது.

ஆகவே இவற்றைக் கவனியுங்கள்:

1. கணினியை மேசையில் அல்லது ஒரு பலகைத் துண்டில் வையுங்கள். மெத்தை, தலையணை வேண்டாம்.

2. அடுப்படிப் பக்கம் வைக்காதீர்கள். புகைக்கரியும் தூசியும் துளைகளை அடைக்கும். கணினியை நிறுத்திவிட்டு, மெல்லிய தூரிகையால் துளைகளைத் துடையுங்கள்.

3. படுக்கையில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். பெட்டரி வீங்கியிருந்தால் அழுத்தவோ குத்தவோ வேண்டாம். உடனே நிறுத்தி, திருத்துபவரிடம் காட்டுங்கள். ஒரு காம்பராவில் பிடிக்கும் நெருப்பு அடுத்த காம்பராவுக்குப் போக அதிக நேரம் ஆகாது.

பலகைத் துண்டுக்குக் காசு தேவையில்லை. இன்று இரவே பிள்ளைக்கு ஒன்றை எடுத்துக் கொடுங்கள்.