ரயிலடியில் ஒரு புதிர்ப் பாடம்

1931 முதல் மின்சார ரயில் ஓடிக்கொண்டிருக்கும் தாம்பரம்–கடற்கரை மார்க்கத்தில் தினந்தோறும் பிரயாணம் செய்வோர், ஜன்னலோர ஆசனம் வாய்த்த பாக்கியத்தை வீணாக்காமல், 'தி ஹிந்து'வின் சங்கேதக் குறுக்கெழுத்துப் புதிரில் மனத்தைச் செலுத்த விரும்பினால், முதற்கண் அறியவேண்டிய சூட்சுமம் ஒன்றுண்டு: குறிப்பு வாக்கியம் மேலுக்குச் சொல்லும் கதையை நம்பலாகாது, விடையின் நேரான பொருள் அதன் தலையிலோ வாலிலோ இருக்க, மற்றச் சொற்கள் அவ்விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் விதத்தைக் கூறும்.

தமிழிலேயே பார்ப்போம். "புறநகரே, கொடு உடைந்த ரம்பம்! (5)" என்றால் தச்சுப் பட்டறையைத் தேடிப் போகாதீர்கள். பொருள், தலையிலுள்ள 'புறநகர்'. 'கொடு' என்பது 'தா'. 'உடைந்த' என்பது எழுத்துக்களைக் கலைத்து அடுக்கென்னும் கட்டளை. ரம்பத்தின் நான்கெழுத்தும் இடம் மாறி 'ம்பரம்' ஆக, நாம் ஏறிய ஸ்டேஷனே விடையாகிவிடுகிறது! குழப்பம், சிதறல், பைத்தியம் முதலிய சொற்களைக் கண்டாலும் இதே சந்தேகம் எழவேண்டும். 'திரும்பி' என்றால் பின்னிருந்து படியுங்கள்.

அகப்படாத குறிப்பை விட்டுக் குறுக்கே வெட்டும் சொற்களை நிரப்பினால் சில எழுத்துக்கள் தாமே வந்து உதவும். மறுநாள் வெளியாகும் விடையைக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது, என் அபிப்பிராயத்தில், ஆசிரியர் வைத்துப் படிப்பதற்குச் சமானம். பேனா வேண்டாம், ரயில் குலுங்கும், பென்சிலும் ரப்பருமே உசிதம்.