ட்ரோன் கண்டுவிட்டது, கைகொடுப்பது யார்?

ட்ரோன் என்றதும் கல்யாண வீட்டு வீடியோதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். நான் எழுத எடுத்துக்கொண்டதோ மத்தியதரைக் கடலின் மேல் பறக்கும் ட்ரோன்களைப் பற்றி.

2013 ஒக்டோபர் 3ஆம் திகதி இத்தாலியின் லம்பெதூசா தீவருகே படகொன்று மூழ்கி, 360க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அந்தத் துயரம் மோல்டாவில் வசித்த கட்ரம்போன் தம்பதியினரை உலுக்கியது. சொந்தப் பணத்தைப் போட்டு, 'ஃபீனிக்ஸ்' என்ற கப்பலை 2014 ஓகஸ்டில் மீட்புப் பணிக்கு அனுப்பினார்கள். அதன் தளத்திலிருந்து ட்ரோன்கள் எழும்பின. கப்பலில் நிற்பவரின் கண்ணுக்குச் சில மைல்களுக்கு அப்பாலுள்ள ரப்பர் படகு தெரியாது. மேலே பறக்கும் கமெராவுக்குத் தெரியும். இரவிலும் உடற்சூட்டைக் கொண்டு ஆட்களைக் காட்டும். படம் வந்ததும் கப்பல் அந்தப் பக்கம் திரும்பும், உயிர்காப்பு அங்கிகளோடு சிறு படகுகள் இறங்கும். இங்கே கண்டவரே காப்பாற்றினார்.

அரசுகளின் கைக்குப் போனபோது நிலைமை மாறியது. கடலில் ஆபத்தில் இருப்பவருக்கு உதவுவது கப்பல் தலைவரின் கடமை என்கிறது சர்வதேசச் சட்டம். இத்தாலியக் கப்பல்களில் ஏற்றியவர்களை லிபியாவில் கொண்டுபோய் ஒப்படைத்தது தவறென்று 2012 பெப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் தீர்ப்பளித்திருந்தது. ட்ரோனிலோ யாரையும் ஏற்ற முடியாது. 2019 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் தனது 'சோஃபியா' நடவடிக்கையின் கப்பல்களை விலக்கி, வான்வழிக் கண்காணிப்பைத் தொடர்ந்தது. 2021இலிருந்து எல்லைக் காவல் அமைப்பான ஃப்ரொன்டெக்ஸின் 'ஹெரொன்' ட்ரோன் மோல்டாவிலிருந்து பறக்கிறது. அது காணும் படகின் இருப்பிடம் லிபியக் கரையோரக் காவற்படைக்கும் போய்ச் சேருகிறது. அவர்கள் பிடித்துச் செல்வோர் அடைக்கப்படுவது, சித்திரவதைக்குப் பேர்போன தடுப்பு முகாம்களில். இதை 2022இல் ஹியூமன் ரைட்ஸ் வொட்ச் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டது. இதையும் மீட்பு என்றே கணக்கெழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் இங்கே பொருந்துவதாகத் தெரியவில்லை.

கண்டும் பயனில்லாமற் போன கதையும் உண்டு. 2023 ஜூன் 13ஆம் திகதி, சுமார் 750 பேரை ஏற்றிய 'அட்ரியானா' என்ற மீன்பிடிப் படகை ஃப்ரொன்டெக்ஸ் விமானம் பகலிலேயே கண்டு கிரேக்க அதிகாரிகளுக்கு அறிவித்தது. பின்னர் தருவதாகச் சொன்ன ட்ரோன், ஆபத்திலிருந்த வேறொரு படகைப் பார்க்கத் திருப்பப்பட்டது. மறுநாள் அதிகாலை அது வந்து சேர்ந்தபோது கீழே படகே இல்லை. உயிர் தப்பியவர்கள் 104 பேர்.

நமது கடலிலும் 2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரைக்கு அப்பால் நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கியரோடு ஒரு படகு மிதந்து வந்தது. முதலில் கண்டவர்கள் மீனவர்கள். செய்தி கடற்படைக்குப் போய், அவர்கள் திருகோணமலைக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

ட்ரோனே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 'ஃபீனிக்ஸ்' கப்பலில் பயன்பட்டதும் அதே கமெராதான். அது எடுக்கும் படமும் இருப்பிடமும் அருகே நிற்கும் தொண்டு நிறுவனக் கப்பல்களுக்கும் அந்த நிமிடமே கிடைக்க வேண்டும் என்பதுதான் மீட்புப் பணியாளர்கள் பல வருடங்களாகக் கேட்டு வருவது.