கல்விச் சுற்றுலாவும் வழிகாட்டியும்

கல்விச் சுற்றுலா பற்றிய சுற்றறிக்கை வந்தவுடன் மாணவர்கள் கேட்பது, "எங்கே போகிறோம், ஐயா?" என்பதே. "யார் அழைத்துச் செல்கிறார்?" என்று கேட்பவர் அரியர். அந்த இரண்டாம் வினாவே முதன்மையானது என்பதை நான் ஒரு பிழை செய்துதான் கற்றேன்.

வரலாற்றுத் துறையில் பணியேற்ற புதிதில், முப்பது மாணவர்களுடன் ஆவடியில் மின்தொடர் ஏறித் திருவள்ளூரில் இறங்கி, பேருந்தில் பூண்டி சென்றேன். 1944இல் கட்டி முடிக்கப்பெற்ற நீர்த்தேக்கத்தையும், 1985இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அமைத்த அகழ்வைப்பகத்தையும் கண்டபின் அத்திரம்பாக்கம் சேர்ந்தோம். இராபர்ட் புரூசு ஃபூட் 1863 மே 30இல் பல்லாவரத்தில் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்ததும், அவ்வாண்டு செப்டம்பரிலேயே வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கண்டதும் எனக்கு மனப்பாடம். ஓடைக்கரையில் நின்று அவற்றை உரக்கச் சொன்னேன். மாணவர்கள் ஆளுக்கொரு கல்லைப் பையில் போட்டுக்கொண்டனர். நான் தடுக்கவில்லை. என் பையிலும் ஒன்று இருந்தது, ஒளிப்பானேன்?

நிலவியல் படித்த நண்பரிடம் பின்னொரு நாள் அதைப் பெருமையோடு காட்டினேன். "எந்த அடுக்கிலிருந்து எடுத்தீர்?" என்றார். விடையில்லை.

அங்கே மண் அடுக்கடுக்காகப் படிந்துள்ளது. 1999 முதல் அகழாய்வு நடத்திய சாந்தி பப்பு குழுவினர், கீழடுக்குக் கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையானவை என 2011இல் அறிவித்தனர். மண்மணிகள்மீது இறுதியாக வெயில் பட்டது எப்போது என்று அளக்கும் முறையால், இடைப் பழங்கற்காலக் கருவி மரபு அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியதென 2018இல் காட்டினர். இவற்றில் பெரும்பகுதி கல்லைச் சூழ்ந்த மண் சொன்ன செய்தி! ஓடையில் கிடந்த கல் முன்பே இடம்பெயர்ந்ததாயிருக்கலாம். ஆயினும் கிடந்த இடத்தின் குறிப்பாவது வேண்டுமன்றோ?

ஃபூட் 1858இல் இந்திய நிலவியல் அளவைத் துறையில் சேர்ந்தவர். சரளைக்குழியைப் பார்ப்பதே அவர் தொழில். அதனால்தான் மற்றவர் கண்ணில் படாத கல் அவர் கண்ணில் பட்டது. ஜெர்மனியில் இளைஞர் விடுதி இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு சிர்மான் பள்ளி ஆசிரியர். 1909இல் மாணவர்களுடன் நடைப்பயணம் சென்றபோது புயல்மழையில் சிக்கி, ஒரு பள்ளிக் கட்டடத்தில் இரவைக் கழித்தார். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகள் பயணிகளுக்குத் தங்குமிடமாகலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1912இல் ஆல்டெனாக் கோட்டையில் விடுதி எழுந்தது. நனைந்த பிள்ளைகளோடு நின்றவருக்கே அந்த எண்ணம் வரும்.

மறுமுறை அத்திரம்பாக்கத்திற்கு அந்த நண்பரையும் அழைத்துச் சென்றேன். அவர் ஆண்டு ஒன்றும் சொல்லவில்லை. மாணவர்களைக் கரைக்கு எதிரே அமரவைத்து, மண்ணின் நிறம் எத்தனை இடத்தில் மாறுகிறதென்று வரையச் சொன்னார். ஒரு மணி நேரம் அரட்டையே இல்லை. வழியில் சேர்ந்துகொண்ட மாடு மேய்ப்பவர் ஒருவர், மழைக்குப் பின் எந்தச் சரிவில் மண் இடியும் என்று காட்டி எங்களை விலக்கி நடத்தினார். அவரும் அன்று எங்கள் ஆசிரியரே. நானோ தலை எண்ணவும் தண்ணீர் கொடுக்கவும் பயன்பட்டேன்.

முதற்பயணக் கற்களில் பதினொன்றையே திரும்பப் பெற முடிந்தது. பூண்டி அகழ்வைப்பகத்தில் ஒப்படைக்கையில் கிடைத்த இடம் கேட்டனர். "ஓடைக்கரை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.