அம்மா ஏன் அந்தச் சிவப்புப் பொத்தானைத் தொடவில்லை?

கேள்வி:

பொறியியல் கடைசி வருஷம் படிக்கிறேன். வீடு மணலி புதுநகரில், தரைத் தளம். 2021-லும் 2023-லும் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. பூண்டி ஏரியில் தண்ணீர் திறந்தால் கொசஸ்தலை ஆறு வழியாக எங்கள் பக்கம் வருமா, வந்தால் எங்கே போவது என்று சொல்லும் செயலி ஒன்றை நானும் இரண்டு தோழிகளும் செய்துகொண்டிருக்கிறோம். இப்போதைக்குத் திரைகளை வரைந்து, தொட்டால் அடுத்த திரை வரும்படி இணைத்த மாதிரி மட்டும்தான் இருக்கிறது. வகுப்பில் பன்னிரண்டு பேரிடம் காட்டினோம். எல்லோரும் ‘செம’ என்றார்கள். அப்புறம் அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். கீழே பெரிதாக இருந்த சிவப்புப் பொத்தானைத் தொடவே இல்லை. “நல்லாத்தான் இருக்கு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். யாரை நம்புவது? இன்னும் எத்தனை பேரிடம், எப்படிச் சோதிப்பது? திரைகளின் படங்களை இணைத்திருக்கிறேன்.

– வாசகி, மணலி புதுநகர்

பதில்:

அம்மாவைத்தான் நம்ப வேண்டும். அதிலும் அவர் சொன்னதை விட்டுவிடுங்கள், செய்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தொடவில்லை. உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரே தகவல் அதுதான். பன்னிரண்டு ‘செம’வையும் ஒரு ஓரமாக எடுத்து வையுங்கள், நட்புக்கு உதவும்.

நம் ஊரில் யாராவது ஒரு பொருளைச் செய்து கொண்டுவந்து நீட்டினால் குறை சொல்ல வாய் வராது. பிள்ளை கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறதே என்று தோன்றும். இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். நிக்கோலா டெல் என்பவரும், பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்தவர்களும் அந்த ஊரில் 450 பேரிடம் நடத்திய ஆய்வு 2012-ல் வெளியானது. இரண்டு பொருள்களைக் காட்டி ‘எது பிடித்திருக்கிறது’ என்று கேட்டார்கள். கேட்பவரே உருவாக்கியது என்று நினைத்த பொருளைத்தான் ஜனங்கள் சுமார் இரண்டரை மடங்கு அதிகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். இத்தனைக்கும் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கேட்டவர் வெளிநாட்டுக்காரர், கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர் என்றால் ஐந்து மடங்கு. கேட்பவர் செய்தது பார்த்தாலே தெரியும்படி மட்டமாக இருந்தபோதும் ‘உங்களுதுதான் நல்லா இருக்கு’ என்றவர்கள் உண்டு. பெங்களூரில் அந்நியருக்கே இவ்வளவு தாட்சண்யம் என்றால், பெற்ற மகளிடம் அம்மா என்ன சொல்லுவார்?

அதனால் முதல் காரியமாக ‘பிடிச்சிருக்கா’ என்ற கேள்வியை அழித்துவிடுங்கள். மார்க் போடச் சொல்வதையும் நிறுத்துங்கள். ‘இதை யாரோ செஞ்சிருக்காங்க, எங்கே குழம்புதுன்னு கண்டுபிடிச்சுத் தரச் சொன்னாங்க’ என்று சொல்லி உட்காருங்கள். உங்கள் தெருவில் தோழி கேட்கட்டும், தோழியின் தெருவில் நீங்கள் கேளுங்கள். முதல் சுற்றில் போனே வேண்டாம். திரைகளை வெள்ளைத்தாளில் பேனாவால் வரைந்து கொண்டுபோங்கள். எதிரில் இருப்பவர் தாளைத் தொட்டால் நீங்கள் அடுத்த தாளை வையுங்கள். வழவழவென்று வண்ணத்தில் இருப்பதைக் குறை சொல்லத் தயங்குபவர்கள்கூட, கிறுக்கி வைத்த தாள் என்றால் ‘இது இன்னா, ஒண்ணும் புரியல’ என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள்.

ஆள் கணக்குக்கு வருவோம். செயலிகளை ஆட்களிடம் சோதிக்கும் துறையில் எல்லோரும் சொல்லும் எண் ஐந்து. யாக்கோப் நீல்சன், தாமஸ் லாண்டவர் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1993-ல் போட்ட கணக்கு அது. ஒரு ஆளை உட்காரவைத்துப் பார்த்தால் சராசரியாக 31 சதவீதக் குறைகள் தெரியும், ஐந்து பேரில் சுமார் 85 சதவீதம் வந்துவிடும். அது போதாது என்று 2001-ல் ஜாரெட் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் மறுத்தார்கள், அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. நம் காரியத்துக்கு நீல்சன் பிற்பாடு சேர்த்த ஒரு வரிதான் முக்கியம்: பயன்படுத்துவோர் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத மூன்று, நான்கு வகையினர் என்றால் வகைக்கு மூன்று பேர்.

உங்கள் ஊரில் அந்த வகைகள் எவை? வயது, ஆண், பெண் என்று பிரிக்கத்தான் கை போகும். நான் தண்ணீர் வரும் ராத்திரியில் யார் எங்கே இருப்பார்கள் என்று பிரிப்பேன். தரைத் தளத்தில் குழந்தைகளோடு இருக்கும் பெண்கள். அந்த வீடுகளில் பெரும்பாலும் ஒரே போன்தான், அதுவும் அநேகமாக மகன் கையில் இருக்கும். அடுத்து, ரிஃபைனரி பக்கமோ துறைமுகப் பக்கமோ நைட் ஷிஃப்டில் மாட்டிக்கொண்டு வீட்டை நினைத்துத் தவிப்பவர்கள். இவர்களுக்கு வேண்டிய தகவலே வேறு: ‘என் தெருவில் தண்ணி வந்துச்சா?’ மூன்றாவது, கம்பெனிகளிலும் கட்டட வேலையிலும் இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள். பலர் தமிழ் பேசுவார்கள், ஆனால் படிக்கத் தெரியாது. உங்கள் திரைகளில் இந்தி ஒரு எழுத்துகூட இல்லை. நான்காவது, தனியாக இருக்கும் வயதானவர்கள். நான்கு வகை, வகைக்கு மூன்று, ஆகப் பன்னிரண்டு. நீங்கள் ஏற்கெனவே பார்த்த அதே எண்ணிக்கைதான், ஆள்தான் வேறு. பதின்மூன்றாவதாக, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வைத்துக் காதால் போன் பயன்படுத்தும் பார்வையற்றவர் ஒருவரைச் சேர்த்தால் இன்னும் நல்லது. உங்கள் சிவப்புக்கும் பச்சைக்கும் அவரிடம் என்ன மதிப்பு என்பது ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

பன்னிரண்டு பேரையும் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். வகைக்கு ஒருவராக நான்கு பேரைப் பாருங்கள், திருத்துங்கள், அடுத்த நால்வரிடம் போங்கள். முதல் நால்வரும் தடுக்கி விழும் இடத்திலேயே மீதி எட்டுப் பேரையும் விழவைத்துப் பார்ப்பதில் என்ன லாபம்?

இடம் ரொம்ப முக்கியம். நான் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் இது. சில வருஷங்களுக்கு முன் ட்ரெய்லர் ஓட்டுநர்களுக்காக ஒரு டோக்கன் செயலியைச் சோதித்தோம். எந்த நிறுவனத்துக்கு என்பது இங்கே வேண்டாம். ஏசி அறையில் வைத்துப் பார்த்தபோது ஒருவர் தவறாமல் எல்லோரும் முடித்தார்கள். எனக்கு ஏதோ உறுத்தவே, எண்ணூர் பக்கம் கண்டெய்னர் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் ரோட்டோரத்துக்குப் போனேன். பகல் பன்னிரண்டு மணி. நடுவயது ஓட்டுநர் ஒருவர் போனை வாங்கி, வெயிலுக்கு ஒரு கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் எழுத்து. எங்கள் வடிவமைப்பாளர் அதை ‘நாசூக்கு’ என்று சொல்லியிருந்தார். ஓட்டுநர் இரண்டு தடவை தேய்த்துப் பார்த்துவிட்டுப் பக்கத்து வண்டிக்காரரிடம் நீட்டினார்: “கண்ணாடி எடுத்தாரல நைனா, நீ கொஞ்சம் பாரு.” அவர் சட்டைப் பையில் கண்ணாடி இருந்தது. படிக்க வராது என்பதை ஒரு மனிதர் எவ்வளவு கௌரவமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு கௌரவமாகச் சொன்னார். அந்த வாக்கியத்தைக் கேட்டால் மேற்கொண்டு துருவாமல், ‘படிக்க வேண்டிய இடத்தில் நின்றுபோனது’ என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

உங்கள் செயலி மழை ராத்திரியில் திறக்கப்படப்போவது. ஆகவே போனில் சோதிக்கும் சுற்றுகளில் வீட்டில் விளக்கை அணையுங்கள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, விரலை நனைத்துக்கொண்டு தொடச் சொல்லுங்கள். ஈர விரலுக்குத் திரை எப்படித் துள்ளுகிறது பாருங்கள். சின்னப் பொத்தான்கள் எல்லாம் அங்கேயே செத்துப்போகும். உங்கள் புது போனைக் கொடுக்காதீர்கள். கண்ணாடி விரிசல் விட்டு, மெமரி நிரம்பி, ரீசார்ஜ் முடியப்போகிற போன் ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும். அதில் பாருங்கள்.

என்ன செய்யச் சொல்வது? ‘இந்தச் செயலியைப் பாருங்க’ என்றால் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். அபலா லாஹிரி சவான் என்ற இந்திய வடிவமைப்பாளர் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார், ‘பாலிவுட் முறை’ என்று பெயர். சும்மா டிக்கெட் எடுங்கள் என்று சொல்லமாட்டார். உங்கள் அக்கா மகளுக்கு நிச்சயமாகியிருக்கும் பையன் ஏற்கெனவே கல்யாணமானவன், அதிலும் கூலிக்குக் கொலை செய்பவன் என்று இப்போதுதான் தெரிந்தது, உடனே ஊருக்குப் போய்க் கல்யாணத்தை நிறுத்த வேண்டும், டிக்கெட் எடுங்கள் என்பார். கதைக்குள் போனவுடன் மரியாதை மறந்துபோகும், ‘இந்த இழவு ஏன் வரமாட்டேங்குது’ என்று கத்துவார்கள். உங்களுக்கும் ஒரு கதை வேண்டும்: “ராத்திரி ரெண்டு மணி, கரண்ட் இல்ல. உங்க நாத்தனார் ஆத்தோரத்துல, எட்டு மாசம். அவ புருஷன் நைட் ஷிஃப்ட். போன்ல சார்ஜ் பதினஞ்சுதான் இருக்கு. அவள எங்க போகச் சொல்லுவீங்க? இதுல பாத்துச் சொல்லுங்க.” அதற்கு முன், வெள்ளத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் புயலோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வந்த பகுதி உங்களுடையது. சிலருக்குப் பேசப் பிடிக்காது, விட்டுவிடுங்கள்.

கதையைச் சொன்ன பிறகு நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. கஷ்டமான பகுதி இதுதான். அவர் விரல் தப்பான இடத்தில் தயங்கும், உங்கள் விரல் தானாக ‘அங்க இல்லக்கா, இங்க’ என்று நீளும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். ‘இதை அமுக்கினா என்ன வரும்னு நினைக்கிறீங்க?’ என்று மட்டும் கேட்கலாம். நோட்டில் அபிப்பிராயம் எழுதாதீர்கள். முதலில் எதைத் தொட்டார், எங்கே நின்றார், எத்தனை நொடி, எப்போது யாரைக் கூப்பிட்டார், இவ்வளவு போதும்.

இனி உங்கள் திரைகள். முதல் திரையில் ‘பூண்டியில் 12,000 கன அடி உபரிநீர் திறப்பு’ என்று இருக்கிறது. ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். ஆக, நொடிக்கு ஏறக்குறைய மூன்று லட்சத்து நாற்பதாயிரம் லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் சொன்னால் நொடிக்கு 28 லாரி. கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அது தேவையில்லை. தண்ணீர் வாசப்படி ஏறுமா என்பதே அவர் கேள்வி. நம் ஊரில் வெள்ளத்துக்கு அளவு கணுக்கால், முழங்கால், இடுப்பு. அதற்கும் மேல் ‘இருபத்தொண்ணுல வந்த மாதிரியா, இருபத்திமூணு மாதிரியா?’ வருஷமே அளவுகோல். பன்னிரண்டு பேரிடமும் ‘போன தடவை எது வரைக்கும் வந்துச்சு’ என்று கேளுங்கள், சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். உங்கள் செயலி அந்தக் கையோடு பேச வேண்டும்.

ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். சோதனைத் திரையை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால், ஒரு மணி நேரத்தில் ‘ஏரி உடைஞ்சிடுச்சு’ என்று எர்ணாவூர் வரை ஓடும். 2023 அக்டோபரில் தமிழ்நாட்டு செல்போன்களில் பேரிடர் எச்சரிக்கை ஒத்திகை அலறியபோது, இது சோதனைச் செய்தி என்று அதிலேயே எழுதியிருந்தார்கள், அப்படியும் பலர் பதறினார்கள். ஒவ்வொரு திரையின் குறுக்கேயும் ‘சோதனை’ என்று பெரிதாக எழுதுங்கள், ஏரிக்கும் ஊருக்கும் கற்பனைப் பெயர் வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த வேலையை வெளியே எடுக்கவே வேண்டாம், கோடையிலேயே முடியுங்கள். யாருடைய முகத்தையும் படம் பிடிக்காதீர்கள், போன் நம்பர் வாங்காதீர்கள். கூலி வேலைக்காரரின் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டால் அதற்கான காசைக் கொடுத்துவிடுங்கள்.

சோதனை முடிவில் இன்னொன்றும் தெரியவரலாம்: பாதிப் பேருக்குத் திரையே வேண்டாம். 1990-களின் கடைசியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் புதுச்சேரி வீராம்பட்டினத்தில் தகவல் மையம் வைத்தபோது, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்தார்கள். கம்ப்யூட்டர் இருந்தது, ஆனால் மீனவர்களுக்குச் செய்தி போனது ஒலிபெருக்கியில். கடற்கரையில் நின்று வலையைச் சரிசெய்துகொண்டே கேட்டார்கள். உங்கள் தெருவிலும் படிக்கத் தெரிந்த ஒரு பெண் பார்த்து, ஒரு பொத்தானை அமுக்கினால் தமிழிலும் இந்தியிலும் குரல் பதிவாக இருபது வீட்டுக்குப் போகும் என்றால், அந்த ஒரு பெண்தான் உங்கள் முக்கியமான பயனாளர். அப்படி யாராவது ஒவ்வொரு தெருவிலும் ஏற்கெனவே இருப்பார். உங்கள் பன்னிரண்டு பேரிடமும் ‘போன தடவை உங்களுக்கு யார் சொன்னாங்க?’ என்று கேளுங்கள், திரும்பத் திரும்ப வரும் பெயரைத் தேடிப் போங்கள்.

கடைசியாக அந்தச் சிவப்புப் பொத்தான். பெரிதாக்கிப் பார்த்தேன். ‘வெளியேறு’ என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டை விட்டு வெளியேறும் வழி என்று உங்களுக்கு அர்த்தம். போனில் தமிழ் வைத்திருப்பவர்களுக்கு ‘வெளியேறு’ என்றால் கணக்கை விட்டு வெளியே போ என்று அர்த்தம். மகள் ராப்பகலாகச் செய்தது மூடிக்கொண்டுவிடுமோ, எதையாவது கெடுத்துவிடுவோமோ என்று அம்மா கையை இழுத்துக்கொண்டிருப்பார் என்பது என் ஊகம். அடுப்படிக்குப் போய்க் கேளுங்கள். ‘எங்கே போகணும்?’ என்று மாற்றி எழுதி, ஒன்றும் சொல்லாமல் மறுபடி நீட்டிப் பாருங்கள்.

அதை மாற்ற மட்டும் பன்னிரண்டு பேருக்காகக் காத்திருக்க வேண்டாம், இன்று ராத்திரியே மாற்றிவிடுங்கள்.