சிறுநகரும் பொதுப்பணமும்: தொழில்நுட்பச் செலவு குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

பலர் ஈட்டிய பொருளிலிருந்து வரியாகத் திரட்டப்பட்டுச் சிலர் கையில் ஒப்படைக்கப்படுவது பொதுப்பணம். ஆதலின் அதனைச் செலவிடுவோர் உரியவர்கள் அல்லர்; பொறுப்பாளர்களே ஆவர். இவ்வுண்மையை நம் திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியை முன்வைத்து ஆராய்வது பயனுடைத்து.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குத் தெற்கே அமைந்த ஊர் பொன்னேரி. 2014 ஜூலையில் வெளியான மத்திய நிதிநிலை அறிக்கை, சென்னை–பெங்களூர் தொழில் வழித்தடத்தில் மூன்று புதிய 'ஸ்மார்ட்' நகரங்களுக்குப் பெருந்திட்டம் வகுக்கப்படும் என்றது. கிருஷ்ணப்பட்டினம், துமகூரு ஆகியவற்றுடன் பொன்னேரியின் பெயரும் அதில் இடம்பெற்றது. அந்நாளில் அது ஒரு பேரூராட்சியே. ஆயின் 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது ஏனைய இரண்டும் இடம்பெற்றன, பொன்னேரி இடம்பெறவில்லை. 2021-இல் அவ்வூர் நகராட்சியாயிற்று. பெருந்திட்டத்தை எதிர்நோக்கியிருந்த ஊர், தன் சிறுவருவாயைக் கொண்டு எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது எனத் தானே முடிவெடுக்க வேண்டிய நிலை தோன்றியது.

இத்தகைய முடிவுக்கு வழிகாட்ட நம்மிடம் பழைய அளவுகோல் ஒன்று உண்டு. திருக்குறளின் 47-ஆம் அதிகாரமாகிய 'தெரிந்து செயல்வகை', ஒரு செயலில் இறங்குமுன் அழிவது, ஆவது, பின்னர்க் கிடைக்கும் ஊதியம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. அம்மூன்றையும் இவண் முறையே பொருத்திப் பார்ப்போம்.

அழிவது

பொறியின் விலை செலவின் தொடக்கமே அன்றி முடிவன்று. கண்காணிப்புக் கேமராவோ கணினியோ வாங்கும் நகராட்சி, அதனை இயக்கும் பணியாளர், மின்கட்டணம், பழுதுபார்ப்பு, சில ஆண்டுகளில் மாற்றுக்கருவி என அடுத்தடுத்துச் செலவிட்டாக வேண்டும். 2015 ஜூனில் தொடங்கிய ஸ்மார்ட் நகரத் திட்டத்தில் நூறு நகரங்கள் தேர்வாயின. அந்நூறிலும் கட்டுப்பாட்டு மையங்கள் நிறுவப்பட்டன. 2025 மார்ச்சுடன் அத்திட்டக் காலம் முடிந்தது. மையங்களைத் தொடர்ந்து இயக்கும் சுமையோ முடியவில்லை. சொத்துவரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் நம்பி வாழும் சிறுநகரம் மானியத்தின் அளவை மட்டும் பார்த்து மகிழலாகாது. மானியம் நின்ற மறுநாளையும் எண்ண வேண்டும்.

ஆவது

பயன் யாருக்கு என்பது அடுத்த வினா. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010 ஜூலையில் திறக்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாள்தோறும் 10 கோடி லிட்டர் நீரளிக்கும் திறனுடையது. தனியார் அமைத்து இயக்க, சென்னைக் குடிநீர் வாரியம் 25 ஆண்டுகள் நீரை விலைக்குப் பெறுவது என்பது உடன்படிக்கை. பொறிக்கன்றி, அது தரும் நீருக்கே பணம் என்னும் இம்முறை கருதத்தக்கது; பழுதுற்ற பொறியின் சுமை பெரிதும் வாங்குவோர்மேல் விழாது. ஆயினும் ஏரிகள் வறண்ட 2019 போன்ற ஆண்டில் அமுதாகும் இந்நீர், பூண்டியும் புழலும் சோழவரமும் நிரம்பிய ஆண்டில் விலைமிக்க நீரே. மேலும், மிகுதியாக உறிஞ்சப்பட்டதால் மீஞ்சூர்ப் பகுதி நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது என்பதை நாம் மறத்தலாகாது. இயற்கை வளத்தைக் காப்பதற்கு ஆகும் சிறுசெலவைத் தவிர்த்தால், பின்னர்ப் பெருஞ்செலவில் தொழில்நுட்பத்தை நாட நேரிடும்.

ஊதியம்

நீடித்த பயனுக்கு மக்களின் இசைவு வேண்டும். இதற்கு ஆலந்தூர் சான்றாகும். 1996-இல் நகர்மன்றத் தலைவரான ஆர்.எஸ். பாரதி காலத்தில் அங்குப் பாதாளச் சாக்கடைத் திட்டம் வகுக்கப்பட்டது. வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்கப்பட்டது. மன்றத்தினர் மக்களிடம் சென்று திட்டத்தை விளக்கினர். மக்களும் பணம் செலுத்தினர். தம் பணம் சேர்ந்த பணியின் கணக்கைக் கேட்க மக்கள் தயங்கார். கேட்கும் மக்கள் உள்ள ஊரில் பணியும் எளிதில் முடங்காது. 2011-இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியுடன் இணைந்த பின்னரும் இம்முன்மாதிரி பேசப்படுகிறது.

முடிவுரை

கணக்கைக் கேட்கும் வழிகள் நமக்கு மூடப்படவில்லை. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மையை வற்புறுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 அன்று கூடத் தொடங்கின. அவற்றில் மாணவர்கள் கலந்துகொண்டு மூன்று வினாக்களை எழுப்பலாம்: இக்கருவி இல்லாமல் இப்பொழுது தடைப்பட்டிருப்பது எது? ஆறாம் ஆண்டில் இதனை யார், எந்தப் பணத்தில் பேணுவர்? பயனில்லை எனத் தெரிந்தால் உடன்படிக்கையிலிருந்து விலக வழியுண்டா?

இவற்றைக் கேட்டல் தொழில்நுட்பத்துக்குப் பகையன்று. விடை கிடைத்த பின் வாங்கப்படும் கருவியே ஊருக்குத் துணையாகும். பெரியோர் முன்னின்று வினவ, இளையோர் உடன்நின்று கணக்கிடக் கற்றால், நம் சிறுநகரங்களின் பணம் பயனுற அமையும் என்பது திண்ணம்.