கணக்கிட்ட பெண்கள்

அமெரிக்காவின் லாங்லி வானூர்தி ஆய்வுக்கூடத்தில் 'கம்ப்யூட்டர்' என்பது ஒரு காலத்தில் பொறியைக் குறிக்கவில்லை. தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிட்ட பெண்களையே குறித்தது. கணித ஆசிரியையாக இருந்த டோரதி வான் என்பார் 1943இல் அப்பணியில் சேர்ந்தார். நிறவேற்றுமையால் தனியே அமர்த்தப்பட்ட கறுப்பினப் பெண்கள் பிரிவுக்கு 1949இல் தலைவரானார். மின்னணுப் பொறிகள் அவ்வேலையைச் செய்யத் தொடங்கியபோது அவர் ஒதுங்கவில்லை. ஃபோர்ட்ரான் என்னும் நிரல்மொழியைத் தாமே கற்றார். உடன் பணியாற்றியோர்க்கும் கற்பித்தார். நெடுங்கணக்கைச் சிறு படிகளாகப் பகுக்கும் பயிற்சி அவர்களிடம் முன்னரே இருந்தது. நிரலாக்கமும் அதனையே வேண்டிற்று. உழைப்போரின் அறிவு புதுத் தொழில்நுட்பத்திற்கு ஈடுகொடுக்குமா என ஐயுறுவோர் இதனை எண்ணுவதில்லை. 1958இல் அப்பிரிவு கலைக்கப்பட்டபின் அவர் நாடிய மேலாளர் பதவி மட்டும், 1971இல் ஓய்வுபெறும்வரை, அவருக்குக் கிட்டவேயில்லை.